அன்னம்மாளின் கால் அளவு

2002-இல் ரமா பெங்களூரில் செயற்கைக் கால் செய்யும் ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். வெட்டுப்பட்ட காலை லேசர் ஸ்கேனர் சுற்றி வந்து அளக்கும். திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சிதறி விழும். எது தோல், எது கருவியின் பிழை, எது ஆள் அசைந்ததால் வந்தது என்று பிரித்து, அந்தப் புள்ளிகளின் வழியே ஒரு பரப்பை வரைய வேண்டும். அந்தப் பரப்பை வைத்துத்தான் கால் நுழையும் கிண்ணத்தைச் செய்வார்கள். பரப்பை வரையும் புரோகிராமை எழுதியவளே ரமாதான்.

அன்னம்மாள் ஸ்ரீராம்புரத்துக்காரி, ஒப்பந்தத்தில் தெரு பெருக்குபவள். வேலையில் இருக்கும்போதே லாரி ஏறி, முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆறு மாதத்துக்கு அவள் இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஸ்கேன் எடுக்கும்போது கால் துடித்துக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் ஆடாம இருங்கக்கா."

"நான் எங்கம்மா ஆட்டறேன்? அதுவா துடிக்குது."

மூன்று முறை எடுத்தாள். மூன்றும் கரடுமுரடாகவே வந்தன. எல்லாம் கால் ஆடியதால் வந்த கோளாறு என்று முடிவுகட்டி, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வழவழப்பைக் கூட்டினாள். பரப்பு அழகாக வந்தது.

புதுக் காலை மாட்டிக்கொண்டு அன்னம்மாள் அறையின் கோடி வரை நடந்தாள்.

"எங்கயாவது வலிக்குதாக்கா?"

"இல்லவே இல்லமா. சூப்பரா கீது." ரமாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் தங்கை ரத்தினம்மாள் போன் செய்தாள். கிண்ணத்துக்குள் கால் புண்ணாகியிருந்தது. சர்க்கரை வேறு. சீழ் மேலே ஏறி, முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

ரமா போனை வைத்ததும் பழைய ஸ்கேன்களைத் தனித்தனியாகத் திறந்தாள். கருவியின் பிழையோ நடுக்கமோ என்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். மூன்றிலும் எலும்பின் வெளிப்பக்கம், அதே இடத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு இருந்தது. வெட்டுப்பட்ட நரம்பின் முடிச்சு. கிண்ணத்தில் அதற்குக் குழிவு விட்டிருக்க வேண்டும். அவள் அதைத் தேய்த்து மட்டமாக்கியிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"வலிக்குதுன்னு ஏன்கா சொல்லல?"

"சொன்னா கால வாங்கி வெச்சுப்பீங்க. மறுபடி செய்ய ஒரு மாசம் ஆவும். மேஸ்திரி வேற ஆள போட்டுடுவான். துணிய சுத்திகினு சமாளிச்சேன். என் தப்புதாம்மா, நீ அழாத."

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ரமாவால் முடியவில்லை.

"உங்க தப்பு இல்லக்கா. அங்க ஒரு மேடு இருந்தது. கால் ஆடினதால வந்ததுன்னு நெனச்சு நான் அழிச்சுட்டேன்."

அன்னம்மாள் அவளையே பார்த்தாள்.

"பாத்தியா நீ? பாத்துட்டா அழிச்ச?"

"ஆமாக்கா."

அன்னம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போம்மா."

ரமா தன் தவற்றை டைரக்டருக்கு எழுதிக் கொடுத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ஸ்கேனையும் மற்றதோடு ஒப்பிட்ட பின்னரே சேர்க்கும்படி புரோகிராமை மாற்றினாள். மையம் அன்னம்மாளுக்கு இலவசமாக வேறு கால் செய்து தருவதாகக் கடிதம் அனுப்பியது.

வந்தது ரத்தினம்மாள் மட்டும்தான். "அக்கா வேணான்னுட்டா மேடம். கட்டைய ஊணிகினு வாசல் வரைக்கும்தான் வர்றா."

"வலி இருக்கா?"

"வெட்டின எடத்துல இல்லியாம். போன பாதம்தான் எரியுதாம், தண்ணி ஊத்து ஊத்துன்றா. எங்க ஊத்தறது, சொல்லுங்க?"

ரத்தினம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.