பாதியில் பாதி

ஐந்து நாள் கேமரா பதிவை முழுதாக ஓட்டிப் பார்க்க ஐந்து நாள் ஆகும். செந்தமிழ்ச்செல்விக்கு ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கணவன் வெற்றிவேல், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நவுஷாத்தின் செல்போன் கடை வாசலில் பைக்கை விட்டுவிட்டுக் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினான். அன்று மாலை மலையில் காட்டாற்று வெள்ளம். ஆள் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. மாமனார் இன்னமும் ஆட்களோடு ஆற்றில் தேடிக்கொண்டிருக்கிறார். இன்று புதன். இங்கே வந்து பார்த்தால் பைக்கும் இல்லை. திருடன் எடுத்திருந்தால் வெற்றிவேல் ஆற்றோடு போனவன். அவனே எடுத்திருந்தால் உயிரோடு இருக்கிறான்.

“முழுசா ஓட்டணும்னா நாளாவும்ங்க டீச்சர்,” என்றான் நவுஷாத்.

“வாணாம். நடுவுல வைங்க. வண்டி நிக்குதா?”

ஞாயிறு இரவு. நின்றது. அதற்கு முந்தைய பாதியைத் தூக்கிப் போட்டாயிற்று. மிச்சப் பாதியிலும் நடுவில் வைத்து அதே கேள்வி; அதில் மிஞ்சும் பாதியிலும் அதே கேள்வி. சின்னசேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவள் நடத்துகிற கம்ப்யூட்டர் பாடம்தான். தேடும் ஃபங்ஷன் பாதியைக் கழித்துவிட்டு, மீதியைத் தேடத் தன்னையே கூப்பிடும். “லூப் போட்டா முடிஞ்சிடுமே டீச்சர்,” என்று சிணுங்குவார்கள். “லூப்பே கெடையாது. ஒரே கேள்வி, சின்னதாயிக்கினே போவும்,” என்று அதட்டுவாள்.

பதின்மூன்றாவது கேள்வியில் திங்கள் காலை ஆறு நாற்பது வந்து நின்றது. வெற்றிவேல் பைக் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

“இருக்காரு! நவுஷாத், உயிரோட இருக்காரு!” அழுதுகொண்டே சிரித்தாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிவேல் பைக் பெட்டியிலிருந்து மகள் அபிநயாவின் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்தான். உதறி, கைகளை உள்ளே விட்டு மடித்து, பூட்டியிருந்த கடையின் படிமேல் வைத்தான். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தான். பிறகு வண்டியைக் கிளப்பி, வீட்டுக்குப் போகிற சாலையை விட்டு எதிர்ப்பக்கம் போனான். அதற்கப்புறம் இரண்டு நாள் ஆகிவிட்டது.

நவுஷாத் மேசைக்கடியிலிருந்து அந்த மழைக்கோட்டை எடுத்து நீட்டினான். “யாரோ மறந்துட்டுப் போய்ட்டாங்கன்னு எடுத்து வச்சேங்க.”

மறந்தவன் கல் வைக்கமாட்டான். வீட்டுக்கு வருகிறவன் மகள் கோட்டை இங்கே விட்டுப்போகமாட்டான் என்பது செந்தமிழ்ச்செல்விக்குப் புரிந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மாமனாருக்குப் போன் போட்டாள்.

“மாமா, ஆத்துல தேட வாணாம். வந்துடுங்க.”

“பொணம் கெடச்சிடுச்சாம்மா?” என்று கதறினார் அவர்.

கிடைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லி வாய்விட்டு அழுதிருப்பாள். இதற்கு எப்படி அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.