ஸ்கேல் செய்ய வேண்டிய தப்பு

அந்தத் தறிக்கூடத்தில் எட்டுப் பெண்கள் நெய்தார்கள். ஏழு பேர் நெய்தது கையால் நெய்தது மாதிரி இருந்தது. எட்டாவது ஆளுக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர்; அவள் துணியின் ஓரம் அவ்வளவு நேர். பெயர் வைத்தது அதே கூடத்தில் நெய்யும் அவளுடைய ஓரகத்தி, வயிற்றெரிச்சலில். ஓரகத்திக்குப் புயல் என்று பெயர். அதை வைத்தது ஸ்கேல், அனுபவத்தில்.

இவர்கள் நெய்வதை விற்றது மனசாட்சியுள்ள ஒரு கம்பெனி. நியாயமான கூலி, விஷமில்லாத சாயம், ஒவ்வொரு சால்வையிலும் நெய்தவளின் போட்டோ போட்ட அட்டை. அட்டையில் ஒரு வரி: "இதிலுள்ள சிறு பிழைகள் ஒரு பெண்ணின் கைரேகைகள்." அந்தக் கணக்கில் பார்த்தால் புயலுக்கு ஐம்பது விரல்.

ஸ்கேலின் சால்வைகள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் தேடு தேடென்று தேடியும் கைரேகை அகப்படவில்லையாம். மெஷினில் ஓட்டி ஏமாற்றுகிறீர்கள் என்று திட்டியிருந்தார்கள்.

கம்பெனி மேடம் நல்லவர். அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"உங்க கை நெசவுன்னு எனக்குத் தெரியும்மா. அதுக்காக ஒவ்வொரு சால்வையோடயும் உங்களையும் சேத்து பார்சல் பண்ண முடியுமா? வெள்ளிக்கிழமை வர்றேன். அடுத்ததும் இப்படியே இருந்தா, கொஞ்ச நாள் நூல் சுத்துற வேலையப் பாருங்க."

தறியை விட்டு எழுந்து நூல் சுற்றுவது! அதுவும் புயலுக்குச் சுற்றிக் கொடுப்பது!

தப்புதானே, செய்துவிட்டால் போயிற்று என்று ஸ்கேல் தறியில் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே காலடியிலிருந்த தறிமிதியை மாற்றி மிதித்தாள். அடுத்த நொடி அவள் கை, அவளைக் கேட்காமலே, அந்த இழையைப் பிரித்துச் சரிசெய்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நெய்து பார்த்தாள். ஓரம் இன்னும் நேராக வந்தது.

கடைசியில் மானத்தை விட்டுப் புயலைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இங்க வா. என் தறியில ஒரு முழம் நெய்."

"நானா? உன் தறிய ஒருவாட்டி தொட்டதுக்கே மாசக்கணக்குல பேசாம இருந்தியேக்கா!"

"இப்ப தொடு. உனக்கு எப்படி வருமோ அப்படி நெய்."

"எனக்கு எப்படி வரும்?"

"கேவலமா வரும்."

"உதவி கேக்குற அழகப் பாரு," என்று முறைத்துக்கொண்டே புயல் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அக்காவின் துணி, அக்கா முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மிதியைப் பார்த்து மிதித்தாள். ஒரு முழம் முடிந்தது. ஸ்கேல் குனிந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு தப்பு இல்லை.

"படுபாவி! உனக்கு நெய்யத் தெரியுமாடி?"

"எனக்கே இப்பத்தான்க்கா தெரியுது."

"அப்ப இத்தனை வருஷமா?"

"யாரு கேட்டா?"

ஸ்கேல் அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். "யாரு கேட்டாளாமே! யாரு கேட்டாளாமே!" என்று முணுமுணுத்துக்கொண்டே தறி நாடாவைக் குறுக்கும் மறுக்கும் விரட்டினாள். ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் தறி அதிர்ந்தது.

"அக்கா, நிறுத்து!"

நாலு விரல் அகலத்துக்கு முன்னால் நெய்த இடத்தில், துணியின் நடுவில், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று நெடுக்குப் பாவுக்குள் நுழைய மறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கலப்படமில்லாத அசல் தப்பு.

ஸ்கேலின் கை அதன்மேல் பாய்ந்தது. புயல் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டே, வெள்ளிக்கிழமையிலேர்ந்து எனக்கு நூல் சுத்தணும். ஞாபகம் வச்சுக்கோ!"

ஸ்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே நெய்தாள்.

வெள்ளிக்கிழமை மேடம் துணியைத் தடவிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார். முகம் பூத்தது.

"பாருங்க, இந்த இடத்துல எவ்வளவு உயிர் இருக்கு! இனிமே யாரு சந்தேகப்படுவா? நீங்க தறிய விட்டு அசையவே கூடாது."

கையோடு புது அட்டைக்குப் போட்டோ எடுக்கவும் சொல்லிவிட்டார்.

அந்த அட்டையில் ஸ்கேல் சால்வையை விரித்துப் பிடித்திருக்கிறாள். முகத்தில் துக்க வீட்டுக் களை. உள்ளங்கை ஒன்று துணியின் நடுவில் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது.

"கையை எடுங்கம்மா, நெசவு மறையுது," என்று போட்டோக்காரர் கெஞ்சியிருக்கிறார்.

"துணி நழுவுதுங்க," என்றாள் ஸ்கேல். கடைசிவரை எடுக்கவில்லை.