இன்பராஜின் ஏழு ஸ்தோத்திரங்கள்

ஊரிகம் சபையில் சாட்சி சொல்ல இன்பராஜ் எழுந்தால் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் அவன் மனைவி லவினாவைப் பார்ப்பார்கள். லவினா பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பாள். வாரம் தவறாமல் நடக்கிற கூத்து இது. அவன் அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட்டுக்கு இறங்கியவர். ஷாஃப்ட்டின் அடியிலிருந்து கூப்பிட்டாலும் மேலே கேட்கும் தொண்டை அவருக்கு. சொத்து என்று மகனுக்கு வந்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு மனுஷன் சும்மா இருப்பானா? ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுந்துவிடுவான்.

“நாலு மணிக்குக் கர்த்தர் என்னைத் தட்டி எழுப்பினார்” என்று ஆரம்பிப்பான். எழுப்பிய கையில் வளையல் இருந்ததும், அது கழன்று விழுகிற அளவுக்கு உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்ததும் சாட்சியில் வராது. வெந்நீர் தந்தார், சட்டையை வெண்மையாக்கினார், டிபன் கேரியரை நிரப்பினார், பெங்களூர் ரயிலைத் தவறவிடாமல் காத்தார். வாரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிற குழாய்த் தண்ணீரில் டிரம்களை நிரப்பியதும் அவரேதான். பாவம், கர்த்தருக்கு அந்த வீட்டில் ஓய்வுநாள்கூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை. கடைசியில் எல்லாரும் ஆமென் சொல்லுவார்கள், இன்பராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காருவான்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பேராயர் வருவதாக இருந்தது. பத்து நிமிஷம் மைக்கில் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் இன்பராஜையே கேட்டுவிட்டார். கேட்க வேண்டுமா? ஒரு வாரம் முன்னாலேயே, ஞாயிறு சாயங்காலம், ஏழு ஸ்தோத்திரங்களை நம்பர் போட்டு எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினான். லவினா அவனுடைய ஆபீஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டர்சன்பேட்டை நர்சரிப் பள்ளியில் நாற்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கிறவள் அவள். அதனால் அவளுக்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வந்ததில்லை.

“இதுல நான் எங்கங்க வர்றேன்?”

“இன்னா இப்டி கேட்டுட்ட? ஆறாவது பாயிண்ட்டப் பாரு. குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்னு போட்டுக்கீறேனே.”

லவினா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். ஒரு கைதான் தேய்த்து முடிந்திருந்தது.

“சரிங்க. எல்லாம் அவரே செய்யறாருன்னா இந்த வாரமும் அவரே செய்யட்டும். நடுவுல நான் இன்னாத்துக்கு?”

இன்பராஜ் சிரித்துவிட்டுப் படுக்கப் போனான். மறுநாள் கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. அவனுடைய ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டிப் போயிருக்கும். பி.யு.சி. படிக்கிற மகள் ஆஷ்லி மேசையில் கிடந்த பட்டியலை எடுத்து, நிதானமாகப் பேனாவைத் திறந்தாள்.

“டாடி, பாயிண்ட் ஒன், பாயிண்ட் ஃபைவ், ரெண்டும் கட்.”

வெந்நீர் செவ்வாய்க்கிழமை கட் ஆனது. ஒரு கை மடிப்பும் ஒரு கை கசங்கலுமாகப் போன சட்டையை மேனேஜர் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தார். புதன்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. லவினா தனக்கும் மகளுக்குமாக நாலு குடம் பிடித்துக்கொண்டு குழாயை மூடிவிட்டாள். டிரம் காய்ந்து கிடந்தது. இதெல்லாம் சாத்தானின் சோதனை என்று முடிவுகட்டி இன்பராஜ் வியாழக்கிழமை உபவாசம் இருந்தான். டிபன் கேரியர் காலி என்பதால் அது சுலபமாகவே இருந்தது.

சனிக்கிழமை அவனுக்கு லீவு. நாளைக்குப் பண்டிகை, பட்டியலில் ஆறாவதைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. சமாதானம் பேசிவிடலாம் என்று கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல் தரமாக அடுப்பங்கரைக்குள் நுழைந்தான். சர்க்கரையைத் தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. பால் பொங்கி வழிந்தது, விரல் சுட்டது. எப்படியோ ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் லவினாவிடம் நீட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்றான்.

லவினா டம்ளரை வாங்கினாள். கண்ணை மூடினாள்.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே. சூடா ஒரு டீ குடுத்தீரே.”

குடித்து முடித்து, காலி டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

நான்தாண்டி போட்டேன் என்று அவனுக்குத் தொண்டை வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சுட்ட விரலைவிட மனசு எரிந்தது. ஒரு டம்ளர் டீக்கே இப்படி அழுகை முட்டிக்கொண்டு வருகிறதே, பதினெட்டு வருஷமாக இவள் இதை எங்கே வைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. டம்ளரைக் கழுவி வைத்தான்.

மறுநாள் கோயில் முழுக்கக் கரும்பும் பூதிகோட்டைப் பூசணிக்காயுமாக இருந்தது. பேராயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆறாவதையும் தானே அடித்துவிட்டு வந்த இன்பராஜ் வெறுங்கையோடு மைக்கைப் பிடித்தான். சபையில் பாதி கடிகாரத்தைப் பார்த்தது.

“நாலு மணிக்கு என்ன எழுப்புறது லவினா. என் சம்சாரம். தண்ணி புடிக்கிறது லவினா. சோறு கட்டறது லவினா. அவள எனக்குக் குடுத்தது கர்த்தர். அவருக்கு வாராவாரம் சொல்லிட்டேன். அவளுக்குத்தான் ஒரு நாளும் சொல்லல. லவினா, ரொம்ப நன்றிம்மா.”

அந்தத் தொண்டையா இது என்கிற மாதிரி சன்னமாக வந்தது. பத்து நிமிஷ சாட்சி அரை நிமிஷத்தில் முடிந்தது. பெண்கள் பக்கம் லவினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்பராஜுக்கு நெஞ்சு லேசானது.

ஆமென் சொல்ல மறந்திருந்த பாஸ்டர் தொண்டையைச் செருமினார். “வேற யாராவது சாட்சி சொல்றவங்க வரலாம்.”

மற்ற வாரங்களில் ஆண்கள் பக்கம் வரிசை கட்டும். இன்றைக்கு ஒருவர் செருப்பைச் சரிசெய்தார், ஒருவர் மின்விசிறியை ஆராய்ந்தார். பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி அவரவர் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரும் இல்லைன்னா ஜெபத்தோட முடிச்சிக்கலாம்” என்றார் பாஸ்டர் அவசரமாக.

முன்வரிசையில் பாஸ்டரின் மனைவி சரோஜம்மா எழுந்து நின்றாள்.

“நேரம் நெறைய கீதுங்க. மொதல்ல நீங்களே ஆரம்பிங்க.”