விருந்தாடி டாக்டர்

“ஏம்மா, நீ விருந்தாடி டாக்டர்னா, போறப்ப அவுகளுக்கு என்ன வாங்கிட்டுப் போவ?”

தமிழ்வாணியிடம் மகள் பவதாரிணி ஒருநாள் கேட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிரந்தர டாக்டர் விடுப்பில் போனதால், அவள் அங்கே ஒரு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். விருந்தாளி போல வந்து போகிறவள் என்பதால், விருந்தாடி டாக்டர் என்றுதான் எல்லோரும் அவளைச் சொன்னார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசிகிற ரத்தக்குழாயை அடைப்பது அவள் தொழில்.

அன்று வாடிப்பட்டியிலிருந்து இருளாயியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை.

நிர்வாகி அருள்பாண்டி கதவை மறித்து நின்றார். “வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம் மேடம். நம்ம டாக்டர் ஊர்ல இல்ல.”

“அப்ப நான் யாரு சார்?”

“நீங்க விருந்தாடி. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க பேருல்ல கெடும்?”

“யாரு நிரந்தரம், யாரு விருந்தாடின்னு ரத்தத்துக்குத் தெரியுமா? வழியிலயே செத்துருவா. தள்ளுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் அவர் தள்ளி நின்றார்.

உள்ளே இன்னொரு கொடுமை. கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய உடுப்பைத் தொங்கத்தான் விட வேண்டும். மடித்தால் உள்ளே விரிசல் விடும். அவளுக்கென்று கொடுத்ததை யாரோ பட்டுச்சேலை போல மடித்து மடித்தே பாழாக்கியிருந்தார்கள். நல்ல உடுப்பு நிரந்தர டாக்டரின் பூட்டிய பீரோவில் இருந்தது. முதல் நாளே கேட்டதற்கு, “ஒரு மாசந்தானே மேடம், அதுக்குள்ள என்ன ஆயிறப்போகுது?” என்று சிரித்தார் அருள்பாண்டி.

டெக்னீசியன் சங்கிலி தன் உடுப்பைக் கழற்றி நீட்டினார். “இதப் போடுங்கம்மா. நான் ஈயக் கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னுக்கிறேன்.”

‘மீனாட்சித் தாயே, இவள நீதான் பாத்துக்கணும்’ என்று வேண்டிக்கொண்டு தொடங்கினாள். பிறகு திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கேட்ட கம்பியும் குழாயும் கைக்கு வந்துகொண்டே இருந்தன. ரத்தம் நின்றது. இருளாயியின் உயிரோடு கர்ப்பப்பையும் தப்பியது.

திரும்பினால், விரிசல் விட்ட உடுப்போடு சங்கிலி பக்கத்திலேயே நிற்கிறார்.

“பொய்யாண்ணே சொன்னீக?”

“இத ஒத்தையில செய்ய முடியுமாம்மா? நீங்க ஊரு ஊராப் போயி, குடுக்கிறதப் போட்டுக்கிட்டு நிக்கிறீக. எனக்கு இன்னைக்கு ஒரு நாளுதான?”

வெளியே இருளாயியின் வீட்டாரிடம் அருள்பாண்டி பெருமையடித்துக்கொண்டிருந்தார்: “எல்லாம் நம்ம டாக்டரம்மா செஞ்சது!”

‘நம்ம’ என்ற சொல் அவளை மேலும் கொதிக்க வைத்தது. “நம்ம டாக்டரம்மா கேக்கிறேன். நல்ல உடுப்பு ஒண்ணு வாங்கிப் போடுங்க.”

“பட்ஜெட்டு வரட்டும் மேடம்.”

கடைசி நாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தமிழ்வாணி காரிலிருந்து புது ஈய உடுப்பைத் தூக்கிவந்து, சங்கிலியின் கொக்கியில் சுருக்கமில்லாமல் தொங்கவிட்டாள். நெஞ்சுப்பக்கம் அவர் பெயர் தைத்திருந்தது. அதில் இருந்த அவருடைய பழைய உடுப்பை, அடுத்து வரும் விருந்தாடிக்கென்று பக்கத்துக் கொக்கிக்கு மாற்றினாள்.

விரிசல் விட்டதைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். அதை மட்டும் நன்றாக மடித்து, கார் டிக்கியில் போட்டு மூடினாள்.