பின்னோக்கிப் போன வரி

காத்திருப்புக் கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரை முன்பெல்லாம் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தியவள் பாப்பா. கூடத்தில் யாருக்கும் அது தெரியாது. பெற்ற அப்பாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவளை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலை பார்த்த சின்ன மென்பொருள் கம்பெனிதான் இந்த ஆஸ்பத்திரியின் கணினி வேலைகளைக் கவனித்துக்கொண்டது. எந்த நோயாளி அறுவை அரங்கில் இருக்கிறார், யார் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார், யார் வார்டுக்கு வந்துவிட்டார் என்று இந்தத் திரையில் உறவினர்களுக்குக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. பெயர் இருக்காது, டோக்கன் எண்ணும் அதற்கெதிரே நிலவரமும் மட்டும். பழைய பக்கம் ஒவ்வொரு தடவையும் முழுதாக அழிந்து முழுதாக வரும். சர்வர் மொத்தப் பக்கத்தையும் புதிதாகத் தயாரித்து அனுப்பும். அது வந்து சேரும்வரை திரை வெள்ளையாகக் கிடக்கும். வந்து பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனாலும் திரை வெளுக்கும்போதெல்லாம் கூடமே எழுந்து நின்றுவிட்டு உட்காரும். பார்க்கச் சகிக்கவில்லை என்று வரவேற்பு மேசையிலிருந்தே புகார் வந்தது.

எல்லாவற்றையும் புதிதாக எழுத நேரமும் இல்லை, ஆளும் இல்லை. குடியிருக்கிற வீட்டை இடிக்காமல் சுவரில் ஒரு ஜன்னல் மட்டும் திறக்கிற வேலை என்று பாப்பா அதைச் சொல்வாள். பக்கம் அப்படியே நிற்கும். பின்னால் ஒரு சின்னக் கணினி நிரல் ஓசைப்படாமல் சர்வரிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் எப்போது வருகிறதோ அப்போது மாறிய வரியை மட்டும் மாற்றி வைக்கும். செய்து கொடுத்தாள். திரை வெளுப்பது நின்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் நன்றி சொன்னார்கள்.

இன்றைக்கு அந்தத் திரையில் ஒரு வரி அவள் அம்மாவுடையது.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன். காலையில் உள்ளே கூட்டிப்போகும்போது, "சாவி பீரோ மேலதான் இருக்கு, தேடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது வண்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துகிற மனிதர். கூடத்து நாற்காலியிலும் வலது காலை அப்படித்தான் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் சித்தி, அம்மாவின் தங்கை. பயம் வந்தால் சித்திக்கு வாய் மூடாது.

"உங்க அம்மா சின்ன வயசுலயே இப்படித்தான். ஒரு வேலைன்னு உள்ள போனா லேசுல வெளிய வரமாட்டா. குளிக்கப் போனான்னா நாங்க எல்லாம் வரிசையா நிப்போம்."

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் அப்பா.

"சும்மா இருந்தா அழுதுடுவேன் மாமா. பரவாயில்லையா?"

அப்பா தரையில் ஊன்றிய காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

மதியம் சாய்கிற நேரத்தில் வரி மாறியது. 'அறுவை அரங்கில்' என்று இருந்த இடத்தில் 'தீவிர சிகிச்சைப் பிரிவில்' என்று வந்தது. முதலில் பார்த்தவர் அப்பாதான். சத்தம் போடாமல் பாப்பாவின் முழங்கையைப் பிடித்தார். சித்தி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா? அப்போ முடிஞ்சுதுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"பாரு, எவ்வளவு அமைதியா மாறுது" என்றார் அப்பா. "இதுதான் நீ செஞ்சதா?"

"ஆமாப்பா."

"நல்லா செஞ்சிருக்க." அவள் வேலையைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு வெகு நேரம் ஆகிவிடவில்லை. சித்தி யாருக்கோ போனில் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பா எதேச்சையாகத் தலையைத் தூக்கினாள். அம்மாவின் வரி மறுபடி 'அறுவை அரங்கில்' என்று இருந்தது.

அப்பாவும் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா இது? திரும்ப உள்ள போட்டிருக்கு?"

அவள் யோசிக்காமல் சொன்னாள். "திரை தப்புப்பா. சில நேரம் இப்படி ஆகும்."

முழுப் பொய்யும் இல்லை. சோதித்துப் பார்க்கும்போது இந்தக் கோளாறை அவளே கண்டிருக்கிறாள். நிரல் ஒரு கேள்வி கேட்கும். அதன் பதில் வழியில் எங்கேயோ மாட்டிக்கொள்ளும். அதற்குள் அடுத்த கேள்வி போய், அதன் பதில் முந்திக்கொண்டு வந்துவிடும். பிறகு அந்தப் பழைய பதில் ஆடி அசைந்து வந்து சேரும். வந்ததை ஒட்டத் தெரிந்த நிரலுக்கு எது பழசு, எது புதுசு என்று பார்க்கத் தெரியாது. புதியதின் மேல் பழையதை ஒட்டிவிடும். கேள்விகளுக்கு வரிசை எண் கொடுத்து, பிந்தி வந்த பழைய பதிலைத் தள்ளிவிடுகிற திருத்தத்தையும் அவள் எழுதிவிட்டாள். ஆனால் அதை ஆஸ்பத்திரிக் கணினியில் ஏற்றினார்களா என்று தெரியாது. அம்மாவின் பரிசோதனைகளுக்காக அவள் விடுப்பில் இருந்தாள்.

ஏற்றாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தான் எழுதியது தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் அவள் ஏங்கியது அன்றைக்குத்தான்.

"அப்போ அம்மா தீவிர சிகிச்சையிலதான் இருக்காளா?"

"இருப்பாப்பா. கொஞ்ச நேரத்துல அதுவே சரியாயிடும். நீங்க காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. சித்திய கூட்டிட்டுப் போய் டீயாவது குடிச்சிட்டு வாங்க."

அவள் வார்த்தையை நம்பி அவர் எழுந்தார். சித்தியும் பின்னால் போனாள். இருவரும் கதவைத் தாண்டும்வரை பாப்பா சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு திரையைப் பார்த்தாள். பழைய பதில் ஒட்டிக்கொண்டதுதான் என்றால், அடுத்த பதில் வந்ததும் வரி தானாகத் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. சரி, இணைப்பே அறுந்து திரை உறைந்து போயிருக்கலாம் என்று அடுத்த கொம்பைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து வேறொரு வரி மாறியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. திரை உயிரோடுதான் இருந்தது.

வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அறுவை அரங்கில்னுதான் காட்டுது மேடம்."

"அது எனக்கும் தெரியுது. உள்ள யார்கிட்டயாவது கேட்டுச் சொல்ல முடியுமா?"

"உள்ள போன் எடுக்க மாட்டாங்க. திரையில வர்றதுதான் எங்களுக்கும் வரும்."

பாப்பா தாழ்வாரத்துக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவன் அலுவலகத்தில் எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிற பையன். அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவன், கெட்டிக்காரன். இந்தத் திரையில் அவளுக்கு உதவியவனும் அவன்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவனுக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

"ஒரு டோக்கன் நம்பர் சொல்றேன், பாரு. வரி முன்னால போய்ட்டுப் பின்னால வந்திருக்கு. என் திருத்தம் ஏறிச்சா இல்லையா?"

"லீவுல கூடவா அக்கா? லைன்லயே இருங்க, பாத்துச் சொல்றேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கவலையே படாதீங்க" என்றான் ஒல்லி. குரலில் அத்தனை உற்சாகம். "திருத்தம் போன வாரமே ஏத்தியாச்சு. நம்ம கோட் தங்கம். பதில் எல்லாம் வரிசையாத்தான் வந்திருக்கு. உள்ள இருக்கிற நர்ஸே மாத்தியிருக்காங்க, பதிவுல தெளிவா இருக்கு. நம்ம மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் சுவரிலிருந்து நெற்றியை எடுத்தாள்.

"அக்கா? யாராவது புகார் குடுத்தாங்களா? நான் வேணா பேசவா?"

"வேண்டாம்ப்பா. அது எங்க அம்மா."

அவள் போனை வைத்தாள்.

அப்பா திரும்பி வரும்போது அவளுக்கும் ஒரு டீ கொண்டு வந்தார். குடித்த தெம்பு முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்ததும் திரையைப் பார்த்தார்.

"இன்னும் சரியாகலையே."

"அப்பா, திரை சரியாத்தான் இருக்கு" என்றாள் பாப்பா. "நான்தான் தப்பா சொல்லிட்டேன். அம்மாவ மறுபடியும் உள்ள கொண்டு போயிருக்காங்க."

"எதுக்கு?"

"தெரியாதுப்பா."

"நீதானே இதச் செஞ்ச?"

அவர் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். செய்தவளுக்கு உள்ளே நடப்பதும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார் மனிதர். பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள். சித்தி வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அன்று முழுவதும் ஓயாத வாய் ஓய்ந்ததுதான் பாப்பாவை அதிகம் பயமுறுத்தியது. டீ அவள் கையிலேயே ஆறிப்போனது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தபோது பச்சை உடுப்போடு ஓர் இளம் டாக்டர் வந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். தையல் போட்ட பிறகு உள்ளே ரத்தம் கசிந்ததாகவும், அதனால் திரும்பத் திறந்து கசிவை அடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"இப்போ நிலையா இருக்காங்க. கண் முழிச்சாத்தான் மத்தது சொல்ல முடியும். பார்ப்போம்."

"எப்போ முழிப்பா?" என்று அப்பா கேட்டார்.

"பார்ப்போம்" என்றார் டாக்டர் மறுபடியும்.

ஒருவரை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்கள். அப்பா போனார். எதையும் தொடக் கூடாது என்று சொன்னதால், தொட எதுவுமே இல்லாத அந்த இடத்தில்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா மறுநாள் கண் முழித்தாள். தண்ணீர் கேட்டாள். வார்டுக்கு வந்து வீடு திரும்ப வெகு நாள் ஆயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது; பேச்சு கொஞ்சம் மெதுவாகியிருந்தது. ஆனால் இருந்தாள்.

பாப்பா வேலைக்குத் திரும்பிய வாரமே ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியிடமிருந்து ஒரு கோரிக்கை வந்திருந்தது. வரி பின்னோக்கிப் போவதைத் திரையில் காட்ட வேண்டாம். உறவினர்கள் பதறுகிறார்கள், மேசைக்கு வந்து சண்டை போடுகிறார்கள். முன்னோக்கிப் போனால் மட்டும் காட்டினால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தால் முடிந்துவிடும் வேலை. அவளால் கை வைக்க முடியவில்லை. அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"வரி பின்னால போனா உங்க மேசைக்குத் தெரியிற மாதிரி செஞ்சு தர்றேன் சார். யாராவது ஒருத்தர் வந்து அந்தக் குடும்பத்துகிட்ட நேர்ல ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"நல்ல யோசனைதாம்மா. ஆள் எங்க இருக்கு? இருக்கிற நர்ஸ் உள்ள வேலை பாப்பாங்களா, வெளிய வந்து பேசுவாங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் பொய் இல்லை. அன்று மாலை அப்பாவிடம் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த வரி மாறாமலே இருந்திருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்குமாப்பா?"

"தெரிஞ்சு நான் என்ன பண்ணிட்டேன்? ஒண்ணும் பண்ணல. ஆனா, நான் டீ குடிச்சிட்டு இருந்தப்போ அவள அறுத்திட்டு இருந்தாங்க பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

மறுநாள் தன்னால் அதை எழுத முடியாது என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் கோபிக்கக்கூட இல்லை. ஒல்லியைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். ஒல்லி அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டான்.

அம்மாவை மறு பரிசோதனைக்குக் கூட்டிப்போன அன்று அதே கூடத்தில் உட்கார வேண்டியிருந்தது. பாப்பா திரை பக்கம் திரும்பவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், மடியில் யாருடைய செருப்பையோ பையில் போட்டு வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரமா தீவிர சிகிச்சைப் பிரிவுலயே இருக்கார்ங்க" என்று தானாகப் பேச்சைத் தொடங்கினாள். "மாறவே இல்ல. மாறாம இருந்தா நல்லதுதானே?"

நல்லதாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பின்னோக்கிப் போவதைத் திரை இனிக் காட்டாது; இப்போது அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது ஒரே அளவுதான்.

"திரைய மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க" என்றாள். "உள்ளேருந்து யார் வெளிய வந்தாலும் கேளுங்க. விடாம கேளுங்க."

"கேட்டா திட்டுவாங்களே."

"திட்டட்டும். கேளுங்க."

அந்தப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குள் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா அவள் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு அவர்கள் வெளியே வந்தபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.