தொலைநோக்கிக்கு ஒரு நாலங்குலக் குழாய்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வீட்டிலேயே தொலைநோக்கி செய்வது எப்படி என்று எவரோ எழுதியிருந்ததைப் படித்தேன். வில்லைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, குழாய்க்கு வந்ததும் ஒரே வரி: "இதற்கு அலைய வேண்டாம், கொல்லையில் ஏதாவது கிடக்கும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டி மஹய்யாவையில் எங்கள் லைன் வீட்டு வரிசைக்குக் கொல்லை கிடையாது ஐயா. எங்கள் பின்பக்கம் இன்னொருவரின் முன்பக்கம்.

அந்தக் கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன். இப்போது அது வேறு ஆள் மேல் திரும்பி நிற்கிறது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

2.

"பனி மூடிய ஹந்தானை மலையின் மடியில் ஓர் ஏழைப் பெண்..."

(வேண்டாம். இதை ஹோட்டல்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.)

"குடும்பத்தின் முதல் பட்டதாரியான ஷெரோனின் கண்களில் நட்சத்திரங்கள்..."

(தூ.)

நேராகவே சொல்கிறேன். ஷெரோனுக்கு இருபத்தாறு வயது. கம்பளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்; அங்கேயே தங்கியிருக்கிறாள், வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். அப்பா சுவக்கின், கண்டி நகரத்துச் சாக்கடைக் கான்களைத் துப்புரவு செய்கிறவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சந்திரனைக் காட்டுவதாக அவள் வாய் விட்டுவிட்டாள். நூறு மில்லிமீட்டர் அகலத்தில் வில்லை ஒன்றும், கண் வைக்கும் பக்கத்துக்குச் சின்ன வில்லை ஒன்றும் கையில் இருந்தன. குழாய்தான் இல்லை.

3.

முதலில் அட்டைக் குழாய். துணிக்கடையில் சீத்தைத் துணி சுற்றி வருமே, அது. இலேசு, வெட்டச் சுலபம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி வீடு வருவதற்குள் ஒரு மழை. வாழைத்தண்டு மாதிரி தொங்கிப்போனது.

அடுத்தது அலுமினியம். ஹாட்வெயார்க்காரர், "என்ன மிஸ், கொடிக்கம்பமா?" என்று கேட்டுவிட்டு விலையைச் சொன்னார். அவள் கடையை விட்டு இறங்கிவிட்டாள்.

பிறகு, சனிக்கிழமை காலை, வீட்டுச் சுவரோரம் சாத்தி வைத்திருந்த பைப் அவள் கண்ணில் பட்டது. சாம்பல் நிறம், நாலு அங்குலம், பதின்மூன்று அடி நீளம், புத்தம் புதுசு. சுவக்கின் வேலைத்தளத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் கிளப்பிக்கொண்டு வந்த பைப். கிளப்பினால்தான் என்ன? முப்பது வருஷம் ஊர் அழுக்கை அள்ளியவருக்கு ஒரு பைப் கூடவா கொடுக்கக் கூடாது? அவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் அறுக்கிற வாளை எடுத்தாள். எண்பது சென்டிமீட்டர் அறுத்தாள். உள்ளே மங்கல் கறுப்புப் பெயின்ட் அடித்தாள். வில்லைகளைப் பிடித்து நிறுத்த இரண்டு முனையிலும் மும்மூன்று ஓட்டை போட்டாள். மிச்ச நீளத்தைக் கூரைக்கடியில் படுக்கப் போட்டாள்.

4.

ஞாயிறு பகல் மூன்று மணிக்குச் சோதனை. தொலைநோக்கியை ஒரு கதிரையில் கட்டி, ஹந்தானை உச்சி டிவி கோபுரத்தைப் பார்த்து வைத்தாள். ஒன்பது வீட்டுச் சனமும் வரிசையில் நின்றது.

"ஐயோ டீச்சரம்மா, கோபுரம் தலகீழா தொங்குதே!"* என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா.

"அப்படித்தான் தெரியும் சுப்பம்மாக்கா."

"நாலு வருஷம் படிச்சு நேரா இருந்தத கவுத்துட்டியே புள்ள!"

எல்லாரும் சிரித்தார்கள். ஷெரோனும் சிரித்தாள். (இந்தச் சிரிப்போடு கதையை முடித்திருந்தால் நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.)

* இந்த வகைத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழ்தான். சந்திரனுக்கு மேல் கீழ் கிடையாது, ஆகவே பரவாயில்லை.

5.

சுவக்கின் வந்தார். கூடவே மண்வெட்டியும் கையுமாக அதே வரிசை இருளப்பன். சுவக்கின் கையில் பைப் ஒட்டும் கம் டின், மூடி திறந்தபடி.

"சுவத்துல சாத்தியிருந்த பைப்பு எங்க?" என்றார்.

ஷெரோன் கூரைக்கடியைக் காட்டினாள். இருளப்பன் சாணால் அளந்தார். இன்னொரு தரம் அளந்தார்.

"அண்ணே, ரெண்டே முக்கா அடி கொறையுது. குழி வரைக்கும் எட்டாது."

"எந்தக் குழி?" என்றாள் ஷெரோன்.

சுப்பம்மாதான் பதில் சொன்னாள். "கக்கூஸ் குழிம்மா. பழைய பைப்பு மார்கழியில ஒடஞ்சு போச்சு. ஒன்பது வீடும் கையெழுத்து வச்சு நாலு மாசம் முனிசிபல்ல அலைஞ்சு வாங்குனது இது. உங்கப்பாகிட்ட வச்சாத்தான் பத்திரம்னு எல்லாரும் சேந்துதான் குடுத்தோம்." சொல்லும்போதே அவள் கண் கதிரைக்குப் போனது. "ஆத்தாடி! அப்ப இவ்வளவு நேரம் வரிசையில நின்னு இதுக்குள்ளயா எட்டிப் பாத்தோம்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

6.

கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது.

இந்த ஷெரோன் போன தவணையில்தான் ஸ்டாஃப் ரூமில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவள். "மஹய்யாவ ஆட்களா? சாமான்களப் பாத்து வைங்க" என்று சொன்ன ஆசிரியையோடு இன்றுவரை பேசுவதில்லை. அவளேதான் அப்பாவின் வீட்டுச் சுவரில் ஒரு புதுப் பைப்பைப் பார்த்ததும்...

("நினைத்தாள்" என்று எழுதப் போனேன். நினைக்கவே இல்லை. ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அவளுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது.)

சரி, அவளை விடுங்கள். அவர் கிளப்பிக்கொண்டு வந்தார் என்று மூன்றாம் பகுதியில் எழுதியது யார்? நான். கதையில் எவரும் அதை எனக்குச் சொல்லவில்லை. நானும் அந்த வரிசையில் பிறந்தவள், என் அப்பாவும் அந்த வேலைதான். என் பேனா தயங்கவே இல்லை. அதற்கு மேல் முப்பது வருஷம், ஊர் அழுக்கு என்று நியாயமும் சேர்த்துக் கொடுத்தது. நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டே கடந்து வந்தீர்கள். இல்லையென்று சொல்லாதீர்கள்.

7.

முடிவுகள்.

அ) சுவக்கின் சிரித்து, "நீயே வச்சுக்க மகளே, சந்திரனப் பாரு" என்கிறார். (பொய். ஒன்பது வீடு காலைக்கடனுக்கு மேல்வரிசையில் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது எந்த மனுஷன் அப்படிச் சொல்வார்?)

ஆ) ஷெரோன் தொலைநோக்கியைக் கழற்றிக் கொடுக்கிறாள். (இதற்கு முடிவு என்று பேர் வைக்கத் தேவையில்லை. அவள் ஏற்கெனவே ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதை வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்வாள்.)

இ) பைப் திரும்பக் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். சுவக்கின் குழாயை வாங்கி, உள்ளே இருந்த கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஓட்டய அடச்சிரலாம். சொக்கட் போட்டு ஒட்டுனா நிக்கும்" என்றார். இருளப்பன் தலையாட்டினார். இங்கே முற்றுப்புள்ளி வைக்கப் போனேன்.

அப்போது அவர் நிமிர்ந்து, கோபமில்லாமல், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே புள்ள. அறுக்கயில இது எங்கருந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

ஷெரோன் வாயைத் திறந்தாள்.

அவள் வாயில் எதை வைத்தாலும் பொய்யாகிறது. உண்மையை வைக்க எனக்குக் கை வரவில்லை. அவர் காத்துக்கொண்டு நிற்கிறார். மூடி திறந்த டின்னில் கம் காய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், சீக்கிரம்.