ரூபாய்க்கு ஓர் அணா

அருப்புக்கோட்டையில் பிரசவ ஆஸ்பத்திரி கட்டக் கமிட்டி போட்டபோது, வீடு வீடாகப் போய் நிதி கேட்பதற்கு நாகையாவைப் பிடித்தார்கள். அவன் தறிக்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். இரண்டிலும் ஆள் இளகும்படி பேசத் தெரிந்தவன். வசூலாகும் ரூபாய்க்கு ஓர் அணா அவனுக்குக் கூலி. யுத்தத்தினால் நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, கார்டுக்கு இத்தனை கட்டு என்று அளந்து கொடுத்த காலம் அது. மாதத்தில் பாதி நாள் தறி சும்மா கிடந்தது. நாகையா தறியை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தான்.

வந்த வேலையை ஒரு தொழிலாகவே செய்தான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கமாட்டான். கேட்டால், ஆள் போனால் போதுமென்று காலணாவை எறிவான். மறுமுறை முகம் கொடுக்கமாட்டான். சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்கி வரும் மாலைதான் அவன் போகும் நேரம். பரளச்சிப் பக்கம் மிளகாய் காயும் நாட்களில் போய், காசில்லாதவர்களிடம் வற்றலும் பருத்தியுமாக வாங்கி வந்து விற்று நிதியில் சேர்த்தான். ஒன்றும் கொடுக்க முடியாத வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். அந்த வீட்டார் பிறகு கூப்பிட்டுக் கொடுத்ததுண்டு.

கங்கம்மாள் அப்படிக் கூப்பிட்டவள். தலைப்பிரசவத்துக்கு வலியெடுத்த அவளுடைய மகளை மாட்டுவண்டியில் விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. மகள் காலில் கிடந்த வெள்ளித் தண்டையைக் கங்கம்மாள் நாகையாவிடம் கொடுத்தாள். "இன்னொருத்தி வண்டியில போகக்கூடாதுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஆடி மாதம் அவன் பங்குக்கு நாலு ரூபாய் சொச்சம் வந்தது.

"ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரி கட்டுறீக. ரேஷன் கடைக்கு நான் என்னத்தக் கொண்டு போக?" என்றாள் மனைவி சுப்புலட்சுமி.

கமிட்டித் தலைவர் தனுஷ்கோடி நூல் வியாபாரி. கட்டுப்பாட்டு நூல் விற்கும் லைசென்ஸ் அவரிடம் இருந்தது. நாகையா அவர் கடைக்குப் போனான்.

"கமிஷன் வேண்டாம் மொதலாளி. மாசம் முப்பது ரூபா சம்பளமாப் போட்டுருங்க."

"தர்மக் காசுல சம்பளமா? ஊரு காறித் துப்பும்."

"கொத்தனாருக்குக் கூலி குடுக்கத்தானே போறீக?"

"கொத்தனாரு கல்லு வைப்பான். நீ என்னத்த வைக்கிற?"

"அந்தக் கல்லு வாங்குற காச."

தனுஷ்கோடி சிரித்தார். "இந்த வாய்க்குத்தான் உன்னைய வச்சிருக்கோம். கமிட்டியில அஞ்சு பேரு நாங்க சும்மாதானே உழைக்கிறோம். நாங்க சம்பளமா கேட்டோம்?"

ஐந்து பேரும் வியாபாரிகள். அவர்கள் உழைத்ததாக அவர் சொன்னது, மாதம் ஒருமுறை அவர் கடை மாடியில் காப்பி குடித்ததை. கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை. அதற்குள் ஐந்து பெயர்களை வெட்டக் கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் கூலி கேட்டால் மட்டும் தர்மம் கெட்டுப்போகிறது.

நாகையா கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒரு யோசனை சொன்னான். விற்பனையில் பொதுக்காரியத்துக்கென்று சிறு தொகை எடுத்துவைக்கும் மகமை இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்குப் புதிதல்ல. "வெளியூருக்குச் சேலையச் சிப்பமாக் கட்டி அனுப்புறீகல்ல, சிப்பத்துக்கு ரெண்டணா யாவாரிக மகமை வையுங்க. மாசாமாசம் பணம் வரும். என் சம்பளத்த அதுல குடுங்க."

தனுஷ்கோடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யோசனை நல்லாத்தான் இருக்கு. கமிட்டியில வைக்கேன்."

பத்துப் பதினைந்து நாளில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "முப்பது கேட்ட. முப்பத்தஞ்சே போட்டுருக்கு. திங்கக்கிழமை வந்து உக்காரு." நாகையா அன்று வீட்டுக்குச் சோளத்தோடு கொஞ்சம் வெல்லமும் வாங்கிக்கொண்டு போனான். மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவன் குடும்பத்தில்.

திங்கட்கிழமை காலை, நூல்கடை வாசலில் மேசை நாற்காலியும் பூட்டிய உண்டியலும் இருந்தன. கார்டுகளோடு நெசவாளர்கள் வரிசையில் நின்றார்கள். கணக்குப்பிள்ளை ரசீதுக் கட்டைக் கொடுத்துவிட்டு, "கட்டுக்கு ஒரணா. ரசீதைக் காட்டுனாத்தான் நூலு" என்றார்.

"சேலைச் சிப்பத்துக்குல்ல சொன்னேன்?"

தனுஷ்கோடி உள்ளிருந்தபடியே பதில் சொன்னார். "யாவாரி தலையில வச்சா அவன் நெசவாளி கூலியில பிடிப்பான். சுத்தி வளைச்சு எதுக்கு? நேராவே வாங்கிக்கிருவோம்."

"அவுக ஏற்கெனவே குடுத்தவுக மொதலாளி. முடிஞ்சவுகதான் குடுத்தாக. முடியாதவுகளும் இந்த வரிசையில நிக்காக."

"அதான் இனிமே யாரும் தப்ப முடியாது. நீயும் தெருத்தெருவா அலைய வேண்டாம். உக்காந்து வாங்கு."

நாகையா உட்காரவில்லை. வரிசையைப் பார்த்துப் பேசினான். "இது சர்க்கார் உத்தரவு இல்ல. கார்டு இருந்தா நூல் குடுத்தாகணும். ஆஸ்பத்திரிக்கு இஷ்டப்பட்டவுக குடுக்கலாம். முடியாதவுக குடுக்க வேண்டாம்."

தனுஷ்கோடி வெளியே வந்தார். "ஏலே, சம்பளம் சம்பளம்னு வந்து நின்னவன்தானே நீ?"

"கேட்டு வாங்குறதுக்குச் சம்பளம் கேட்டேன். புடுங்குறதுக்கு இல்ல."

"உண்டியல்ல விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப நீங்களே உக்காருங்க."

தனுஷ்கோடி குரலை உயர்த்தவில்லை. வரிசையிடம் மட்டும் சொன்னார்: "மகமை குடுக்க இஷ்டமில்லாதவுக ஓரமா நில்லுங்க. நூல் மிச்சம் இருந்தா சாயங்காலம் பாப்போம்."

ஒருவரும் ஓரமாக நிற்கவில்லை. முன்னால் நின்ற கங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓரணாவை எடுத்தாள்.

"அக்கா, நீங்க ஏன்? நீங்கதான் அன்னைக்கே..."

"பேசாதப்பா" என்றாள் அவள். "மகமை வையுங்கன்னு இவுகளுக்குச் சொல்லிக் குடுத்ததே நீயாமே. தெருவெல்லாம் அதான் பேச்சு. இப்ப நீ நாற்காலியில உக்காரமாட்டேங்கிற. நாளைக்கு எனக்கு நூலை எடுத்துக் குடுக்கிறது நீயா? அன்னைக்கு எம் மகளுக்காகக் குடுத்தேன். இன்னைக்கு நூலுக்காகக் குடுக்கேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிட்டீக எல்லாரும்."

அவள் காசை உண்டியலில் போட்டாள். கணக்குப்பிள்ளையே ரசீது கிழித்துக் கொடுத்தார். வரிசை நகர்ந்தது.

நாகையா பாளையம்பட்டியில் ஒருவர் தறியில் கூலிக்கு நெய்யப் போனான். நூல் வந்தால் வேலை. ஐப்பசியில் பந்தல்குடியிலிருந்து கிறிஸ்தவ சபை உபதேசியார் தாவீதுராஜ் அவனைத் தேடி வந்து, பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் உட்கார வைத்தார். சபை அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டப்போகிறது; வசூலுக்கு ஆள் வேண்டும்.

"உங்களப்போலக் கேக்க ஆளு கிடையாதுன்னாக. ரூபாய்க்கு ஒண்ணரை அணா வச்சுக்கோங்க."

"மாசச் சம்பளம்னா பேசுங்க. முப்பத்தஞ்சு."

"ஆண்டவர் ஊழியத்துக்குச் சம்பளம் கேக்கலாமா நாகையா?"

"உமக்கு உண்டுல்ல?"

"எனக்குச் சபை குடுக்குது."

"சபைக்கு யாரு குடுக்கா?"

உபதேசியார் டீயை ஆற்றினார். நாகையா விடவில்லை. "இன்னும் ஒண்ணு. ஒரு வீட்டுல இல்லைன்னு சொன்னா, ஏன் இல்லைன்னு உங்க சபையில ஒருத்தரும் அந்த வீட்டுல போய்க் கேக்கக்கூடாது. என்னையும் கேக்கக்கூடாது. வசூலாகாத மாசத்துக்கும் சம்பளம் முழுசா வரணும். பாதிச் சம்பளத்துல பட்டினி கிடக்கிறவன் கேக்குற கேள்வி வேற மாதிரி இருக்கும் உபதேசியாரே. நான் அப்படிக் கேக்க மாட்டேன்."

"இவ்வளவு கண்டிஷனா?" என்றார் தாவீதுராஜ். "எங்க பாதிரி ஐயர்கிட்டக் கேட்டுச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. கார்த்திகை பிறந்துட்டா நாப்பது."

அவன் தன் டீக்குத் தானே காசு வைத்துவிட்டு எழுந்து போனான்.